பேரிங் போன சத்தம்

என் தம்பியின் குரலை வெளியாட்களில் முதலில் காது கொடுத்துக் கேட்டவர் ஒரு மோட்டார் மெக்கானிக்தான்.

ஏரியூர் பக்கம் எங்கள் காட்டில் ஒரு மோட்டார் கொட்டாய் உண்டு. பூசாத செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட், உள்ளே போர் தண்ணீரை மேலே ஏற்றுகிற கம்ப்ரசர் மோட்டார். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. மும்முனை மின்சாரம் வரும்போதுதான் ஓடும். அது எப்போது வரும் என்பது வாரத்துக்கு ஒரு தினுசு. தம்பி அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தான். தண்ணீர் கட்டக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறவன், அந்தக் கோடையில் மட்டும் கரண்ட் வந்ததும் தானாக எழுந்து காட்டுக்கு ஓடினான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். உங்கள் மோட்டார் சத்தம் சரியில்லை, கரகரவென்று அரைக்கிறது, பேரிங் போயிருக்கும், இப்படியே விட்டால் உள்ளே இருக்கிற காயில் கம்பி எரிந்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அப்பாவும் வரப்பில் நின்று கேட்டார். அரைக்கத்தான் செய்தது. பென்னாகரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மோட்டாரை நிறுத்திப் பிரித்து, பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினார். வெண்ணெயாகச் சுற்றியது. திரும்பப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர் போன மறுநாளே மறுபடி அரைத்தது. மறுபடி வந்தார், மறுபடி ஒன்றும் இல்லை. இப்படியே இழுத்தடித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, சத்தம் கேட்கும்போதே பூனை மாதிரி நடந்து வந்து கொட்டாய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே என் தம்பி மோட்டாரைப் பார்த்தபடி, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தான்.

அப்பாவும் நானும் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். அப்பா மோட்டாரை நிறுத்தினார்.

"ஏன்டா இப்படிக் கத்தற?"

"கத்தலைப்பா. பாடறேன்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பையைக் கட்டினார். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது, பையனைத்தான் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அதோடு விடவில்லை. போகிற ஊரெல்லாம் சொன்னார். அதன்பிறகு பல வருஷத்துக்கு, ஏரியூர் சந்தையில் அப்பாவைப் பார்க்கிறவர்கள் பேரிங் எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்தார்கள். அப்பா நாலு பேர் முன்னால் தலைகுனிவதைத் தாங்க மாட்டார். சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

ஹெவி மெட்டல் என்றால் என்னவென்று அன்று எனக்கும் தெரியாது. தம்பிதான் சொன்னான். தருமபுரியில் டியூஷன் படிக்கும்போது கூடப் படித்தவன் செல்போனில் போட்டுக் காட்டினானாம். கேட்ட மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டதாம். எனக்கு அதைக் கேட்டபோது தலைதான் வலித்தது, அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். எனக்கு மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேச வராது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தொண்டையால் கத்தினால் மோட்டார்தான் ஜெயிக்கும் அக்கா, அதன் சத்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் நாம் ஜெயிப்போம் என்று விளக்கினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவ்வளவு உறுமுகிறவன் மற்ற நேரத்தில் பேசுவது அடுத்த ஆளுக்குக் கேட்காது. போனில் பேசினால் சத்தமாகப் பேசுடா என்று நான்தான் கத்த வேண்டும்.

பெங்களூரில் இன்ஜினியரிங் படித்தான், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தான். சனி, ஞாயிறுகளில் ஒரு குழுவில் பாடினான். முடி தோளுக்குக் கீழே இறங்கியது. ஊருக்கு வரும்போதெல்லாம் கறுப்பு டி-ஷர்ட். எல்லாவற்றிலும் மண்டை ஓடு, எலும்பு, நெருப்பு. அம்மா அவற்றைத் துவைத்து, மண்டை ஓடு தெரியாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுவாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கவலை. முடியைப் பற்றியோ டி-ஷர்ட்டைப் பற்றியோ அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கம்பெனி வேலையைச் சொல்வார், பிறகு கொஞ்சம் தயங்கி, "லீவு நாள்ல கத்தப் போறான்" என்பார். பாடுகிறான் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. பாட்டு என்றால் சொல் புரிய வேண்டும், ராகம் வேண்டும், கேட்கிறவன் தலையாவது ஆட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. தலையை ஆட்டுகிறார்கள் அப்பா, ரொம்பவே ஆட்டுகிறார்கள் என்று தம்பி ஒருநாள் சொன்னான். அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

ஒருமுறை நல்லம்பள்ளிப் பக்கம் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். தரகர் இடம் அமைய வேண்டுமே என்ற ஆசையில் மாப்பிள்ளை பிரமாதமாகப் பாடுவார் என்று அளந்து விட்டிருக்கிறார். பஜ்ஜி, காபி முடிந்ததும் பெண்ணின் பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பி சாமி பாட்டு ஒன்று பாடட்டும் என்றார். தம்பி தொண்டையைச் செருமினான். இவன் பாடினாலும் பாடிவிடுவான் என்று எனக்கு வியர்த்தது. அப்பா அவசரமாக, "அவனுக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க, பேசவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்றார். அப்பா பொய் சொல்லி நான் அன்றுதான் பார்த்தேன். அந்த இடம் ஜாதகம் பொருந்தாமல் நின்றுபோனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான். சிரித்து முடித்ததும் என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னான்.

"அப்பா ஒரே ஒரு பாட்டு முழுசாக் கேட்டாப் போதும்க்கா. கேட்டுட்டு நல்லால்லைன்னு சொன்னாக்கூட சரி."

அந்த ஆசைக்காக அவன் பல விதமாக முயன்று பார்த்தான். பெங்களூர் நிகழ்ச்சிக்கு ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பினான். அப்பா உழவு இருக்கிறது என்றார். அடுத்த முறை அறுவடை. அதற்கடுத்த முறை மாடு கன்று போடும் நேரம். கன்று போடாத மாட்டுக்கெல்லாம் அப்பா அந்த வருஷம் பிரசவம் பார்த்தார். வீட்டில் செல்போனில் போட்டுக் காட்டினால் ஆரம்பத்திலேயே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தம்பி இறந்துபோனான். பெங்களூரில் காய்ச்சல் என்று படுத்தான், டெங்கு என்றார்கள், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சில்லை. முப்பத்து நாலு வயது. நான் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன்; ஊரில் எல்லோருடைய காய்ச்சலையும் ரத்த அணு எண்ணிக்கை பார்த்துச் சொல்கிறவள். என் கூடப் பிறந்தவன் காய்ச்சல் எனக்குத் தெரியாமல் போயிற்று.

காரியத்துக்கு அவனுடைய குழு ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் முடி வளர்த்தவர்கள், எல்லோரும் கறுப்புச் சட்டை. பந்தலில் ஓரமாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு, இலையை அவர்களே எடுத்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் கன்னடக்காரர். பாதி தமிழும் பாதி கன்னடமுமாக அப்பாவிடம் பேசினார். மேடையில் ஏறியதும் தம்பி எப்போதும் முதலில் ஒன்று சொல்வானாம். தனக்குப் பாடக் கற்றுக்கொடுத்தது அப்பாவின் கம்ப்ரசர் மோட்டார் என்பானாம். கூட்டம் கைதட்டுமாம். இப்போது புதிதாகப் பாட வருகிற பெங்களூர்ப் பையன்கள் சிலர் அதைக் கேட்டுவிட்டு மிக்ஸி, தண்ணீர் மோட்டார் முன்னால் நின்று பழகுகிறார்களாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். போகும்போது அந்த டிரம்ஸ்காரர் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். கடைசியாகப் பதிவு செய்த பாட்டுகளில் கிட்டார், டிரம்ஸ் எதுவும் இல்லாமல் தம்பி குரல் மட்டும் அதில் இருக்கிறது என்றார். அம்மா அதை அவன் போட்டோவுக்குப் பக்கத்தில், விபூதித் தட்டை ஒட்டி வைத்தாள். அதைப் போட்டுக் கேட்க எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

போன வருஷம் அப்பா நிலக்கடலை போட்டார். எங்கள் பக்கம் கடலை என்றால் காட்டுப்பன்றியும் சேர்த்துத்தான். காய் பிடிக்கிற சமயத்தில் கூட்டமாக இறங்கி உழுதுவிட்டுப் போகும். முன்பெல்லாம் ஆள் காவல் இருந்து தகரம் தட்டுவார்கள். இப்போது எல்லோரும் மிஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பேட்டரி, ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு ஸ்பீக்கர். பென் டிரைவ் செருகினால் விடிய விடிய நாய் குரைக்கும், புலி உறுமும், யாரோ ஒருவர் டேய் டேய் என்று மிரட்டுவார். எங்களுடையது மழையில் நனைந்து கெட்டுப்போனது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த பென் டிரைவ்தான் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுப் பக்கம் நடக்கிறேன், காட்டிலிருந்து என் தம்பி உறுமினான். கால் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் அமைதி. மறுபடி உறுமல். ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்குப் போனேன். கடலைச் செடிக்கு நடுவில் குச்சி நட்டு, அதன் மேல் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் செருகியிருந்தது, போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்த தம்பியின் பென் டிரைவ். அப்பா வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுசாக எழுத முடியாது. பெங்களூரில் அவன் போட்டோவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து அவன் பாட்டைக் கேட்கிறார்கள், நீங்கள் பன்றி விரட்ட வைத்திருக்கிறீர்களா, உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்கவில்லை, செத்த பிறகு காவல் வேலைக்கு அனுப்பிவிட்டீர்களா என்று பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அப்பா, "கேட்டா ஓடுதுங்க கண்ணு. ஒரு செடி மேல கை வெக்கல" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அம்மா வாசலில் காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரியெல்லாம் அவன் குரல் கேட்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்றாள்.

உண்மையிலேயே அந்தப் பக்கம் பன்றி அண்டவில்லை. நாய், புலி எல்லாம் ஒரே சீராகக் கத்தும். இவன் எப்போது உறுமுவான், எப்போது நிறுத்துவான் என்று தெரியாது. பாட்டில் டிரம்ஸ் மட்டும் வாசிக்கிற இடத்தில் எல்லாம் அவன் சும்மா இருப்பான், அதனால்தான். பக்கத்துக் காட்டுக்காரர், அன்றைக்குப் பேரிங் போய்விட்டது என்று சொன்ன அதே ஆள், எனக்கும் இதில் ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். கத்தரிக்காய் விதையிலிருந்து ஏர்க்கலப்பை வரைக்கும் யார் கேட்டாலும் கொடுக்கிற மனுஷன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் பன்றி லேசுப்பட்ட ஜீவன் இல்லை. எந்தச் சத்தமானாலும் கொஞ்ச நாள்தான். இந்தச் சத்தம் கடிக்காது, சுடாது என்று தெரிந்துவிட்டால் ஸ்பீக்கருக்கு அடியிலேயே வந்து மேயும். அதனால் எல்லோரும் சத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காய் முற்றுகிற நேரத்தில் எங்கள் காட்டிலும் அதுதான் நடந்தது. முதலில் ஓரத்தில் இரண்டு சால் செடி போனது. பிறகு கிழக்குப் பக்கம் ஒரு பாத்தியே போனது. மாற்றுங்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார், அம்மா சொன்னாள். அப்பா மாற்றவில்லை. அந்தக் கடலையை நம்பித்தான் அவர்களுக்கு அந்த வருஷம். அம்மா போனில் அழுதாள். பெட்டியைக் கழற்றச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார், விடிந்ததும் காட்டுக்குப் போய்த் தோண்டிப் போட்ட செடியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வருகிறார் என்றாள்.

இவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தருமபுரியில் கடைக்குப் போய், பட்டாசு, சிறுத்தை, டிராக்டர் என்று புதுச் சத்தங்கள் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா காட்டில் இருந்தார். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். பென் டிரைவை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பெட்டியிலிருந்து தம்பியுடையதை உருவி, ஒட்டியிருந்த மண்ணைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கடலைச் செடியைப் பார்த்துப் பேசினார்.

"பன்னிங்களுக்கு அதுக்குள்ள பழகிப்போச்சு கண்ணு. எனக்கு இப்பத்தான் பழகுது."

புதுப் பென் டிரைவை அவர் கையிலிருந்து வாங்கி நானே பெட்டியில் செருகினேன். பாதிக்கு மேல் கடலை தப்பியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் மறுபடி போயிருந்தேன். காலையில் மும்முனைக் கரண்ட் வந்ததும் அப்பா காட்டுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். மோட்டாரைப் போட்டார். கம்ப்ரசர் தடதடவென்று பிடித்து ஓட ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்ததும், சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. தம்பி உறுமினான். கொட்டாய் வாசலில் நின்று கேட்டேன். தனியாகக் கேட்டபோது அங்கங்கே விட்டுப்போன இடமெல்லாம் இப்போது மோட்டார் சத்தத்தில் நிரம்பியிருந்தது. குரல் அதற்கு அடியில் போய் உட்கார்ந்து, பிறகு மெதுவாக மேலே வந்தது. எனக்குத் தலை வலிக்கவில்லை. மோட்டார் ஓடும்போது கேட்டால்தான் சரியாக இருக்கிறது என்று அப்பா என் காதருகே வந்து சொன்னார். பெங்களூரில் இருக்கிற கன்னடக்கார டிரம்ஸ்காரருக்கு இதைச் சொன்னால் அப்பாவைக் குழுவில் சேர்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ரோட்டில் ஒரு வண்டி நின்றது. அந்தப் பழைய மெக்கானிக்தான். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்தார். அடுத்த காட்டில் மோட்டார் பார்க்கப் போகிறார் போலிருக்கிறது. வண்டியில் இருந்தபடியே காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, அப்பாவை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"அண்ணா, இந்தத் தடவ நெசமாவே பேரிங்கு போயிருச்சு போலங்க. பிரிச்சுப் பாத்துரலாமா?"

அவர் கேலியாகக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மோட்டார் சத்தத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"பேரிங்கு இல்லைங்க. எம் பையன் பாடறான்."

மெக்கானிக் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே நின்று கேட்டோம்.